வேர்க்குரு என்று சொன்ன திங்கட்கிழமை

மார்ச் 7, வெள்ளி

பங்குனி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் பள்ளி முற்றத்து மணலில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. காலை வழிபாட்டை வேப்பமரத்து நிழலுக்கு மாற்றிவிட்டேன். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் மணி அடித்தால் நாற்பத்தொரு பிள்ளைகளும் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்ததாக நடிக்கிறவர்களை இப்போது எனக்கு அடையாளம் தெரியும்.

நான் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. தலைமை ஆசிரியர் செல்லப்பா சாரைப் பொதுத்தேர்வு வேலைக்குப் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பது பியூலா டீச்சர் ஒருத்திதான், அவளுக்கும் ஏழாவது மாதம். "கோடை லீவு வரைக்கும் வந்து பிள்ளைகளைப் பாத்துக்கிடுங்க, தவமணி டீச்சர்" என்று ஊரே வந்து கேட்டது. சால்வைகூடப் போர்த்தினார்கள்.

இன்று நோய் எப்படிப் பரவுகிறது என்று காட்டினேன். ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைப் பூசிவிட்டு, "வழக்கம்போல விளையாடுங்க" என்றேன். சாப்பாட்டு மணிக்குள் பத்தொன்பது பேர் சட்டையில் வெள்ளை. நாலாம் வகுப்பு கவிநிலா எழுந்து, "டீச்சர், ஒங்க கொண்டையிலயும் இருக்கு" என்றாள். பியூலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை கல்வி அதிகாரி வருகிறார். வாசித்துக் காட்டக் கவிநிலாதான். அவள் அளவுக்குத் தடையில்லாமல் படிக்க இந்தப் பள்ளியில் வேறு ஆளில்லை.

மார்ச் 10, திங்கள்

அதிகாரி வருகை நல்லபடியாக முடிந்தது.

காலையில் கவிநிலாவைக் காணோம். அவள் அம்மா முனீஸ்வரியின் டீக்கடை வரைக்கும் ஒரு நடை போய்வந்தேன். பிறகு வந்தாள். இந்த வெயிலுக்குப் பாதிப் பிள்ளைகளுக்கு வேர்க்குரு. பாவாடையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, முகத்துக்கு நன்றாகப் பவுடர் பூசி, பார்க்க லட்சணமாக இருந்தாள். பியூலா அவளை மடியோடு சேர்த்து நிறுத்தித் தலை சீவிவிட்டாள்.

இரண்டு பக்கம் வாசித்தாள். அதிகாரி கை தட்டினார். "ஓய்வுபெற்றவங்க வந்து பாத்துக்கிட்டா இப்படித்தான் இருக்கும்" என்று பார்வைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்.

மார்ச் 11, செவ்வாய்

கவிநிலா வரவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம்.

மார்ச் 12, புதன்

இன்றும் வரவில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நகம் வெட்டும் நாள், நேரம் சரியாகிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

கவிநிலா வந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று அவள் அம்மா அனுப்பியிருக்கிறாள். நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். அடுத்த அறையில் பியூலா போட்ட சத்தம் கேட்டு ஓடினேன். கவிநிலாவின் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். முதுகு முழுக்கக் கொப்புளம். சிலது புதுசு. சிலது ஏற்கெனவே காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"டீச்சர், இது அம்மைதான? சின்னம்மைதான?"

"அப்படித்தான் தெரியுது."

"எனக்கு இது வந்ததே இல்ல டீச்சர். தட்டம்மைதான் வந்துச்சுன்னு எங்கம்மா சொல்வாங்க. இது வரல."

பிள்ளையின் சட்டையைக் கீழே விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். கவிநிலா தன் மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்து அழத் தொடங்கினாள். நான் அவளை வீட்டில் விட்டுவந்தேன்.

மற்ற நாற்பது பேரையும் நிறுத்தி முதுகு, வயிறு, காது மடல் எல்லாம் பார்த்தேன். யாருக்கும் இல்லை. இருந்தாலும் இன்றைக்கே தெரியாது. பத்து நாளிலிருந்து மூன்று வாரம் வரைக்கும் ஆகும். விதை போட்ட அன்றைக்கே முளை தெரியாததுபோல.

மார்ச் 14, வெள்ளி

பியூலாவையும் அவள் வீட்டுக்காரர் சாமுவேலையும் கூட்டிக்கொண்டு கோவில்பட்டியில் பெண் டாக்டரிடம் போனேன். துணைக்கு நான் வேண்டும் என்று பியூலாதான் சொன்னாள். பஸ்ஸில் என் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

டாக்டர் பதறாமல் பேசினார். ஏழு மாசத்தில் சின்னம்மை வந்தால் தாய்க்கு நுரையீரலில் இறங்கலாம், அதுதான் பயம். தடுப்பூசி கர்ப்பிணிக்குப் போடக்கூடாது. வேறொரு ஊசி இருக்கிறது. மற்றவர்கள் உடம்பில் ஊறிய எதிர்ப்புச் சக்தியை எடுத்துச் செய்தது. அதைத் தொற்றுப் பட்ட பத்து நாளுக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எளிதில் கிடைக்காது, மதுரையிலிருந்து வர வேண்டும். அதற்கு முன்னால் ரத்தத்தில் ஏற்கெனவே எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார்.

பிறகு, "அந்தப் பிள்ளைக்கு மொதமொத எப்போ கொப்புளம் பாத்தீங்க?" என்று கேட்டார்.

பியூலா என்னைப் பார்த்தாள். "டீச்சர்தான் தெனமும் காலையில ஒவ்வொரு பிள்ளையா பாப்பாங்க."

"வியாழக்கிழமை" என்றேன்.

"கொப்புளம் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஒட்டும். செவ்வா, புதன் அந்தப் பிள்ளை பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்ல டாக்டர், அவ வரல" என்றாள் பியூலா.

"அப்போ பதிமூணாந்தேதியிலருந்து எண்ணுவோம். இருபத்து மூணு வரைக்கும் நேரம் இருக்கு. பயப்படாதீங்க."

ரத்தம் எடுத்தார்கள். புதன்கிழமை முடிவு தெரியும். வரும் வழியில் பியூலா பஸ் ஸ்டாண்டில் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 15, சனி

துணி துவைத்தேன். குழாயடியில் முனீஸ்வரியைப் பற்றித்தான் பேச்சு.

"ஆத்தா அம்மையா வீட்டுக்கு எறங்கியிருக்கா. வாசல்ல ஒரு கொத்து வேப்பிலை சொருகணும்னு தோணல பாருங்க, மதினி."

"சொருகுனா கடையில ஏவாரம் ஓடுமா? அதான் மறைச்சுட்டா."

"பாவம் அந்த டீச்சர், வயித்துப் பிள்ளைக்காரி. இவ உருப்படுவாளா?"

என்னைக் கண்டதும் குடத்துக்கு இடம் விட்டார்கள். "நீங்க சொல்லுங்க டீச்சர், படிச்சவதான அவ? ஒங்ககிட்ட படிச்சவதான?"

"ஆமா, எங்கிட்டத்தான் படிச்சா" என்று சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாதிக் குடம்தான் நிறைந்திருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

முனீஸ்வரி வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனேன். கடையில் பெஞ்சு கவிழ்த்துக் கிடந்தது. கவிநிலா பாயில் படுத்துக் கூரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதிகாரிக்கு வாசித்த அந்த இரண்டு பக்கம்.

முனீஸ்வரி இளநீர் வெட்டிக் கொடுத்தாள். ஐந்தாம் வகுப்புவரை என்னிடம் படித்தவள். இன்னும் என் முன்னால் உட்கார்ந்து பேசமாட்டாள்.

"நான் யார்ட்டயும் சொல்லல டீச்சர்."

நான் எதைப் பற்றி என்று கேட்கவில்லை.

"அன்னைக்கு வேப்பிலைய ஒடிச்சுக் கையில வச்சிருந்தேன். நீங்க வந்தீங்க. 'இது வேர்க்குரு, இதுக்குப் போயா இலையைத் தூக்குற, இதுக்கா ஒனக்கு அறிவியல் நடத்துனேன்'னு சிரிச்சீங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. இலையத் தூரப் போட்டுட்டேன். காய்ச்சல் அடிக்குதுன்னேன். ஒரு மணி நேரந்தான, முழுக்கை போட்டு விடுன்னீங்க."

"எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சது முனீஸ்வரி."

"சரி டீச்சர்." அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

இதைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். முப்பத்து நாலு வருஷமாக ஒரே உதாரணம் சொல்லி வந்திருக்கிறேன்: வேப்பிலை வியாதியை விரட்டாது, டாக்டர்தான் விரட்டுவார். அது சரிதான். ஆனால் வாசலில் வேப்பிலையைப் பார்த்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். உள்ளே இருப்பவர்களும் வெளியே போகமாட்டார்கள். அது வீட்டுக்காரர்களுக்குச் சொல்வதல்ல, தெருவுக்குச் சொல்வது. அந்தப் பாதியை ஒரு வருஷமும் நடத்தவில்லை.

மார்ச் 17, திங்கள்

பியூலா பள்ளிக்கு வரவில்லை. ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்தேன். தேதி எழுதப் பலகைக்குப் போனபோது கை அங்கேயே நின்றுவிட்டது. "டீச்சர், இன்னைக்குப் பதினேழு" என்று பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டினார்கள். முளைப்பாரிக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விதை வாங்கினார்கள். முனீஸ்வரியும் நவதானியத்தைப் புதுத் துணியில் முடிந்துகொண்டு, வாசலோடு நின்று நீட்டினாள்.

கோயில் கமிட்டி பெருமாள்சாமி கையை நீட்டவில்லை. "ஆத்தாளை வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சவ விதை ஆத்தாளுக்கு வேண்டாம். போ தாயி."

"நான் ஒளிக்கல மாமா."

"பெறகு? வேப்பிலை எங்க? ஊருல மரமா இல்ல?"

முனீஸ்வரி வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நான் மூன்றாவது வரிசையில் நின்றேன். வாயை மூடிக்கொண்டு அந்த முடிச்சைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டது.

மார்ச் 19, புதன்

மூன்று மணி தண்ணீர் மணி அடிக்கும்போது சாமுவேல் போன் செய்தார். பியூலாவுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. துளிகூட இல்லை.

"ஆனா பயமில்ல டீச்சர். டாக்டரம்மா மதுரைக்குச் சொல்லிட்டாங்க. சனிக்கிழமை ஊசி இங்கயே வந்துரும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கே, எதுக்கு இந்த ஒடம்போட மதுரைக்கு அலைக்கழிக்கணும்னாங்க. நீங்க அன்னைக்குக் கூட வந்தது பெரிய ஒத்தாசை."

நல்லது என்றேன்.

பிள்ளைகளை அனுப்பினேன். அறையைப் பூட்டினேன். வீட்டுக்கு வந்து ரசத்துக்குப் புளி கரைத்தேன். திங்கள் பத்து. பதினொன்று, பன்னிரண்டு என்று விரல் மடக்கி எண்ணினேன். திரும்ப எண்ணினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோலத் தரையில் கோடு கிழித்தும் எண்ணினேன். எப்படி எண்ணினாலும் பத்தாவது நாள் நாளை. சனிக்கிழமை இல்லை.

ஒருவேளை திங்கட்கிழமை ஒட்டாமல் போயிருக்கலாம். எல்லாருக்கும் ஒட்டுவதில்லை. முனீஸ்வரிக்கு ஒட்டவில்லையே. ஆனால் முனீஸ்வரிக்கு ஆறு வயதில் வந்திருக்கிறது. அப்போது அவளை நான்தான் லீவு போடச் சொல்லி அனுப்பினேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் போனை எடுத்தேன். மணி ஆறே கால்.

"சொல்லுங்க டீச்சர்." பியூலாவின் குரல் தெம்பாக இருந்தது. பின்னால் மிக்ஸி ஓடியது.

"பியூலா, சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே. நாளைக்கே போட்டாகணும். கவிநிலாவுக்கு வியாழக்கிழமை வரல. திங்கட்கிழமையே இருந்துச்சு."

மிக்ஸி நின்றது.

"யார் சொன்னா?"

"நான் பாத்தேன். வீட்டுக்குப் போயி நான்தான் கூட்டிட்டு வந்தேன். வேர்க்குருன்னு நெனச்சேன்மா."

சாமுவேல் போனை வாங்கினார். அவரிடம் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. "டாக்டர் கேக்கும்போது பக்கத்துலதான ஒக்காந்திருந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "பெரியவங்கன்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

காலை ஐந்தரைக்குக் கார் பிடித்து மதுரைக்குக் கிளம்பிவிட்டார்களாம். செல்லப்பா சார் சொன்னார். முதலில் போன இடத்தில் ஊசி இல்லை. இரண்டாவது இடத்தில் இருந்தது திருநெல்வேலிக்கு அனுப்பியாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு இவ்வளவுதான் செய்தி.

நான் பள்ளியை விட்டு நகர முடியாது. பெருக்கல் வாய்ப்பாடு சொல்ல வைத்தேன். ஏழாம் வாய்ப்பாட்டை மூன்று தடவை சொல்லச் சொன்னேனாம். "டீச்சர், இது முடிஞ்சுருச்சு" என்றார்கள். ஒரு மணிக்கு ஒன்றும் இல்லை. இரண்டு மணிக்கு ஒன்றும் இல்லை. மூன்று மணிக்கு மணி அடிக்க மறந்துவிட்டேன். பிள்ளைகள் தாங்களாகவே குடித்திருக்கிறார்கள்.

நாலு நாற்பதுக்குச் செல்லப்பா சாரிடமிருந்து செய்தி: போட்டாகிவிட்டது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடைத்ததாம்.

பள்ளியைப் பூட்டிவிட்டு நேராகக் கோயிலடிக்குப் போனேன். பெருமாள்சாமியும் நாலைந்து பேரும் பந்தல்கால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: முனீஸ்வரி வேப்பிலை எடுத்தாள், வேண்டாம் என்று தடுத்தது நான், பிள்ளையைக் கூட்டிப் போனதும் நான்.

பெருமாள்சாமி கடப்பாரையைக் கீழே வைத்தார். "நீங்களா டீச்சர்?" என்றார். ஒருவர், "டீச்சர் வேணும்னேவா செஞ்சாங்க? தெரியாம நடந்துருக்கும்" என்றார். நான் அதை மறுக்கவில்லை.

அங்கிருந்து முனீஸ்வரி வீட்டுக்கு, இந்தத் தடவை முன்வாசல் வழியாக. எனக்கு முன்னாலேயே அவளுக்குச் சேதி போய்விட்டது. நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"செவ்வாக்கெழம விதையோட நின்னேனே டீச்சர், அப்போ சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். "முளை போட்டு ரெண்டு நாளாச்சு. இனி என் விதைய எங்க போடுவாங்க?"

முதல் தடவையாக என் முன்னால் உட்கார்ந்து பேசினாள்.

மார்ச் 25, செவ்வாய்

இரண்டாம் வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள் இருவருக்கும், ஐந்தாம் வகுப்பில் ஒருவனுக்கும் அம்மை கண்டிருக்கிறது. மூன்று பேரும் அதிகாரி வந்த அன்று கவிநிலாவோடு ஒரே பாயில் இருந்தவர்கள். ஆக, அன்றைக்கு ஒட்டியிருக்கிறது. இனி அதில் சந்தேகமில்லை.

மூன்று வீட்டிலும் வேப்பிலை சொருகச் சொல்லி, மூன்று பேரையும் டாக்டரிடமும் அனுப்பினேன். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், சொறிய விடாதீர்கள், பொருக்கு உதிரும்வரை பள்ளிக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுப் பக்கம் அவர்கள் தலை தெரியக் கூடாது.

"தேர்வு வருதே டீச்சர்?" என்று கேட்டார்கள். வரட்டும் என்றேன்.

பியூலா நாசரேத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

மார்ச் 28, வெள்ளி

இன்னும் இரண்டு பேர். பியூலாவுக்கு நேற்றிலிருந்து மேல் சூடாக இருக்கிறது என்று செல்லப்பா சார் சொன்னார். வெயிலாக இருக்கும் என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு அந்த வார்த்தை இப்போது ஆகாது.

மார்ச் 29, சனி

செய்தி இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

செய்தி இல்லை. அரிசியில் கல் பொறுக்கினேன். இல்லாத கல்லையும் பொறுக்கினேன்.

மார்ச் 31, திங்கள்

சூடு இறங்கிவிட்டதாம். கொப்புளம் இல்லை. மற்றவர்களுக்கு இருபத்தொரு நாள் போதும். ஊசி போட்டவர்களுக்கு இருபத்தெட்டு நாள் பார்க்க வேண்டும். இன்னும் ஏழு.

ஏப்ரல் 7, திங்கள்

இருபத்தெட்டாவது நாள். மாலை நாலரைக்குப் பியூலாவே கூப்பிட்டாள்.

"டாக்டர் பாத்தாங்க. ஒண்ணும் இல்ல. பிள்ளை நல்லா இருக்கு. நெஞ்சுத் துடிப்பு கேட்டோம்."

"கர்த்தர் புண்ணியம்மா" என்றேன். நான் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை இல்லை. அவளுக்காக வந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அவளை நிறுத்தி நான் தலை சீவுனேன்ல? நீங்க கதவுகிட்ட நின்னீங்க. நீங்க என்னைப் பாத்தீங்க. 'பியூலா, நீ சீவாதே, நான் சீவுறேன்'னு சொல்லிக் கையை நீட்டுனீங்க. பெறகு கார் சத்தம் கேட்டுச்சு. கையை இறக்கிட்டு வாசலுக்குப் போயிட்டீங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீங்க போன்ல சொன்ன அன்னையிலருந்து அந்தக் கையத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். வேர்க்குருன்னா எதுக்கு நீட்டுனீங்க?"

வெளியே தெருவில் பிள்ளைகள் பள்ளி விட்டுச் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"பிரசவ லீவு முடிஞ்சு நான் வருவேன் டீச்சர். நீங்க அப்போ அங்க இருக்கக் கூடாது."

"சரிம்மா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை.

செல்லப்பா சாருக்குக் கடிதம் எழுதினேன். இந்த மாதத் தேர்வு முடிகிற அன்றோடு விடுவிக்கும்படி கேட்டேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில், முப்பத்து நாலு வருஷமாக எல்லாரும் எழுதுகிறதையே கை தானாக எழுதிவிட்டது: உடல்நிலை சரியில்லாத காரணத்தால். அடித்துவிட்டேன். கீழே எழுதினேன்: மார்ச் பத்தாம் தேதி, அதிகாரி வருகைக்காக, சின்னம்மை கண்ட குழந்தையைக் கர்ப்பிணி ஆசிரியை இருந்த வகுப்பில் உட்காரவைத்த காரணத்தால்.

படித்துப் பார்த்தேன். ஒரு சொல் குறைந்தது. 'உட்காரவைத்த' என்பதற்கு முன்னால், வரிக்கு மேலே, இடுக்கி, 'தெரிந்தே' என்று எழுதினேன்.